பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வருமான வரியில் என்ன மிஞ்சும்? குமரி மாவட்டப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பிப்ரவரி பிறந்தால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கும் பள்ளிக்கூட அலுவலக ஜன்னலில் ஒரே பேச்சுதான்: "சார், இன்கம் டாக்ஸுக்கு ஃபீஸ் சர்டிபிகேட் வேணும்." வரிசையில் நிற்கும் பலருக்கு அந்தக் காகிதத்தால் இப்போது ஒரு ரூபாய்கூட மிஞ்சாது. வேறு சிலருக்கு ஆயிரக்கணக்கில் மிஞ்ச வேண்டியது, ரசீதைச் சரியாகப் பார்க்காததால் கைவிட்டுப் போகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுதும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

இங்கே சொல்லும் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கானவை. அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானம். அதற்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. சேமிப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கழிவு தரும் பிரிவாக, 80சி என்று நாம் பழகியது அங்கே 123. எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, எந்தச் செலவுக்கு எந்தச் சலுகை என்று புரிந்துகொள்வதுதான் உதவும்.

முதலில் சொற்கள்

அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி, பிள்ளை ஒன்றுக்கு 2,200 டாலர் வரை வரியில் குறைந்தது என்று சொல்லியிருப்பார். அது வரித் தொகையிலிருந்தே நேராகக் கழிப்பது. நம் நாட்டில் பிள்ளைக்கு இவ்வளவு என்று அப்படி ஒன்று கிடையாது. இங்கே இருப்பது மூன்று வகை. சில வருமானம் கணக்கிலேயே வராது, அது விலக்கு. சில செலவை வருமானத்திலிருந்து கழிக்கலாம், அது கழிவு. கடைசியில் வந்த வரியிலேயே குறைப்பது தள்ளுபடி. பிள்ளைகளுக்காக இருப்பவை பெரும்பாலும் கழிவுகள். 10,000 ரூபாய் கழிவு கிடைத்தால் 10,000 மிஞ்சாது. 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு, வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ் சேர்த்து, 2,080 ரூபாய் மிஞ்சும்.

முதல் படி: புதிய முறையில் கணக்குப் போடுங்கள்

வரியைக் கணக்கிட பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. இப்போது எல்லோருக்கும் தானாகப் பொருந்துவது புதிய முறை. இதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000. அதைக் கழித்தபின் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 87ஏ தள்ளுபடி 60,000 வரை கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். ஆக, ஆண்டுக்கு 12,75,000 வரை சம்பளம் மட்டும் வாங்குபவருக்கு வரியே இல்லை. பள்ளி ஃபீஸ், எல்ஐசி, செல்வமகள் எதையும் காட்ட வேண்டியதும் இல்லை.

சம்பளம் அந்த அளவுக்குள் என்றால் ஃபீஸ் சர்டிபிகேட்டுக்காக அலைய வேண்டாம். ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, தள்ளுபடி அடுக்கு விகிதத்தில் வரும் வரிக்கு மட்டும்தான். அந்த ஆண்டில் ஒரு மனையை விற்று நீண்டகால மூலதன ஆதாயம் வந்திருந்தால் அதற்கான வரியைத் தள்ளுபடி தொடாது. இரண்டு, வரி பூஜ்யம் என்பதால் ரிட்டர்ன் வேண்டாம் என்று ஆகாது. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளத்திலோ வட்டியிலோ முன்கூட்டியே வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் அதைத் திரும்ப வாங்கவும் அதுதான் வழி.

இரண்டாம் படி: பழைய முறை எப்போது லாபம்?

பிள்ளைகளை வைத்துக் கிடைக்கும் கழிவுகள் அநேகமாக எல்லாம் பழைய முறையில்தான் உள்ளன. அங்கே நிலையான கழிவு 50,000. முதல் 2.5 லட்சத்துக்கு வரி இல்லை. 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. எனவே கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கழிவு இருந்தால் பழைய முறை புதியதை முந்தும்?" என்பது.

ஆண்டுச் சம்பளம் 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். புதிய முறையில் 15,25,000-க்கு வரி 1,08,750. செஸ் சேர்த்து 1,13,100. பழைய முறையில் இதே வரி வர வேண்டுமானால் நிலையான கழிவு போக இன்னும் 5,68,750 கழிவு காட்ட வேண்டும். 24 லட்சம் சம்பளத்துக்கு இந்த எல்லை 7,87,500. வேடிக்கை என்னவென்றால் 13 லட்சக்காரருக்கு 6,87,500 தேவை, 16 லட்சக்காரரைவிட அதிகம். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாதபடி புதிய முறையில் ஒரு தடுப்பு உண்டு. 13 லட்சக்காரருக்கு நிலையான கழிவு போக வருமானம் 12,25,000, எனவே வரி 25,000-தான், செஸ் தனி. அதைப் பழைய முறையால் முந்துவது கடினம்.

5,68,750 எங்கிருந்து வரும்? 80சி முழுசாக 1,50,000. வீட்டுக் கடன் வட்டி 2,00,000. உங்களுக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 75,000. மொத்தம் 4,25,000. இன்னும் 1,43,750 குறைகிறது. நகரத்தில் வாடகைக்கு இருப்பவர் அந்த இடத்தில் வீட்டு வாடகைப் படியை வைப்பார். நம் ஊரில் பெரும்பாலும் சொந்த வீடு, வாடகை கொடுக்காதவருக்கு அந்த விலக்கு கிடையாது. எனவே இங்கே தராசைச் சாய்ப்பது இரண்டுதான்: பிள்ளையின் கல்விக் கடன் வட்டி, அல்லது மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான கழிவு. மேலே சொன்ன 4,25,000 உடன் கல்விக் கடன் வட்டி 1,80,000 இருந்தால் பழைய முறை வரி 1,05,560. புதியதைவிட 7,540 குறைவு. கூடவே தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் 80சிசிடி(1பி) கீழ் 50,000 போட்டிருந்தால் 95,160.

கணவன் மனைவி இருவருக்கும் சம்பளம் என்றால் இருவரும் ஒரே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் கழிவுகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு பழையதில் போகலாம், மற்றவர் புதியதில் இருக்கலாம். இருவரும் பாதி பாதி பிரித்து இருவருமே எல்லையைத் தொடாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஆனால் பணம் யார் கணக்கிலிருந்து போனதோ அவர்தான் கோரலாம் என்பதால் இதை ஜூன் மாதமே முடிவு செய்ய வேண்டும். மார்ச்சில் யோசித்துப் பயனில்லை.

மூன்றாம் படி: பள்ளி ரசீதைப் பிரித்துப் படியுங்கள்

80சி-யில் சேர்வது டியூஷன் ஃபீஸ், அதாவது கற்பிப்பதற்கான கட்டணம் மட்டும். ஒரு ரசீதை எடுத்துக்கொள்வோம்:

டியூஷன் ஃபீஸ் 42,000
டெர்ம் ஃபீஸ் 3,000
பில்டிங் ஃபண்ட் 10,000
ஸ்மார்ட் கிளாஸ் 2,500
வேன் 14,000
புத்தகம், சீருடை 8,500

கையை விட்டுப் போனது 80,000. கோரக்கூடியது 42,000. டெர்ம் ஃபீஸ் என்பது உண்மையில் கற்பிப்புக் கட்டணத்தின் ஒரு தவணைதான் என்றால் பள்ளி அதை அப்படியே எழுதித் தர வேண்டும். தராவிட்டால் விட்டுவிடுங்கள். வளர்ச்சி நிதி, நன்கொடை, தாமதக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எதுவும் சேராது. ஒரே தொகையாக "ஸ்கூல் ஃபீஸ்" என்று ரசீது கொடுக்கும் பள்ளிகளிடம் பிரித்து எழுதிய சான்றிதழை ஃபீஸ் கட்டும்போதே கேட்டு வாங்குங்கள்.

பள்ளியோ கல்லூரியோ இந்தியாவில் இருக்க வேண்டும், முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும். எல்கேஜி, பிளே ஸ்கூலும் செல்லும். மாலை டியூஷன் சென்டர், நீட் பயிற்சி வகுப்பு செல்லாது. பிலிப்பைன்ஸில் எம்பிபிஎஸ் படிக்கும் மகனின் ஃபீஸும் செல்லாது. ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் கோரலாம். மூன்று, நான்கு பிள்ளைகள் என்றால் அப்பா இரண்டு பேருக்கும் அம்மா மற்றவர்களுக்கும் கட்டிக் கோரலாம். ஒரே ரசீதை இருவரும் காட்டுவது மட்டும் கூடாது. எந்தக் கல்வியாண்டுக்கு என்பதைவிட எந்தத் தேதியில் கட்டினீர்கள் என்பதே கணக்கு. அடுத்த ஜூனுக்கான ஃபீஸை மார்ச் 30-இல் கட்டினால் அது இந்த நிதியாண்டில்தான் வரும்.

இன்னொன்று. 1,50,000 என்பது பிஎஃப், எல்ஐசி, பிபிஎஃப், செல்வமகள், வீட்டுக் கடன் அசல், ஃபீஸ் எல்லாம் சேர்ந்த உச்சவரம்பு. சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியம்) பிடித்தம் உள்ள அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 1,20,000 என்றால், பத்து சதவீதப் பிடித்தமே ஆண்டுக்கு 1,44,000. மிச்சம் 6,000-தான். ஃபீஸ் சர்டிபிகேட்டுக்கு அங்கே இடமே இல்லை. மே மாதம் சம்பளப் பட்டியலைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

சம்பளத்தில் குழந்தைகள் கல்விப் படி வாங்குபவர்களுக்கு: விலக்கு பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100, ஹாஸ்டல் படிக்கு மாதம் 300, இரண்டு பிள்ளைகள் வரை, பழைய முறையில் மட்டும். மத்திய அரசு ஊழியர் மாதம் 2,812.50 வாங்கினாலும் விலக்கு அந்த 100-தான். இதற்காக முறையை மாற்ற வேண்டாம்.

நான்காம் படி: கல்விக் கடன் வட்டி

80இ-க்கு உச்சவரம்பு கிடையாது. கட்டிய வட்டி முழுவதும் கழியும். அசல் கழியாது. பிளஸ் டூவுக்குப் பிறகான எந்தப் படிப்பும் சரி, வெளிநாட்டுப் படிப்பும் சரி. ஃபீஸாகக் காட்ட முடியாத பிலிப்பைன்ஸ் எம்பிபிஎஸ், கடன் வட்டியாகக் காட்டலாம்.

தவறுவது எங்கே? கடன் வங்கியிலிருந்தோ அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்திலிருந்தோ கல்விக்கென்று வாங்கியதாக இருக்க வேண்டும். சொசைட்டியில் நகையை வைத்து ஃபீஸ் கட்டினால் அது நகைக் கடன், கல்விக் கடன் அல்ல. வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய அடமானக் கடனும் அப்படியே. மச்சானிடம் வாங்கிய கைமாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடன் விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரும் கடன்தாரராக இருந்து, தவணை அவர் கணக்கிலிருந்து போனால்தான் அவர் கோரலாம். மகள் பெயரில் மட்டும் கடன் என்றால் அப்பா எவ்வளவு கட்டினாலும் அவருக்குக் கழிவு கிடையாது. கடன் வாங்கும் நாளிலேயே பார்க்க வேண்டிய விஷயம் இது.

எட்டு ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டு ஆண்டுகள் கழிவு உண்டு. படிக்கும் காலத்திலேயே மாதம் ஆயிரம், இரண்டாயிரம் என்று வட்டி கட்டினால் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கும். பிறகு பெரிய தவணைகள் கட்டும்போது கழிவுக்கு மிஞ்சும் ஆண்டுகள் குறைந்திருக்கும். அதற்காகப் படிக்கும்போது வட்டி கட்டவே கூடாது என்று சொல்லவில்லை, கட்டினால் அசல் பெருகாது. இரண்டையும் எடைபோட்டுச் செய்யுங்கள். ஏப்ரலில் வங்கிக்குப் போய், அசல் தனி வட்டி தனி என்று பிரித்த சான்றிதழ் வாங்கிவிடுங்கள். பாஸ்புக் நகல் போதாது.

ஐந்தாம் படி: செல்வமகள் சேமிப்பு

பத்து வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு; இரட்டையர் பிறந்தால் தளர்வு உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 250, அதிகம் 1,50,000. பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிரும். வட்டி 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீதம். போடும் பணத்துக்குப் பழைய முறையில் 80சி கழிவு. வட்டிக்கோ எந்த முறையிலும் வரி இல்லை. எனவே புதிய முறைக்குப் போய்விட்டோம் என்று இந்தக் கணக்கை நிறுத்திவிடாதீர்கள்.

மாதத்தின் 5-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையிலுள்ள குறைந்த இருப்புக்கே வட்டி. ஏப்ரல் 6-இல் பணம் போட்டால் அந்த மாத வட்டி போச்சு. தாத்தா பாட்டி ஆசையாகத் தொடங்கிய கணக்குகள் இருந்தால், பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். இந்தியாவில் வசிக்கும் பெண் பிள்ளைக்குத்தான் இந்தத் திட்டம். குடும்பமாகத் துபாய்க்குப் போகும் திட்டம் உள்ளவர்கள் அதைக் கணக்கில் வையுங்கள்.

ஆறாம் படி: மருத்துவம், மாற்றுத்திறன்

80டி-யில் நீங்கள், துணைவர், உங்களைச் சார்ந்த பிள்ளைகள் சேர்ந்து காப்பீட்டு பிரீமியம் 25,000 வரை. பெற்றோருக்குத் தனியாக 25,000, மூத்த குடிமக்கள் என்றால் 50,000. பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது.

80டிடி பலருக்குத் தெரியாமலே போகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள, உங்களைச் சார்ந்த பிள்ளைக்கு 75,000; 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000. சிகிச்சைக்கோ பயிற்சிக்கோ பராமரிப்புக்கோ நீங்கள் செலவு செய்கிறீர்கள் என்றால் போதும். செலவு 20,000 ஆனாலும் கழிவு முழுத் தொகைக்கும் கிடைக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு என்றால் ஃபார்ம் 10-ஐஏ-யில் சான்று வேண்டும். குழந்தை நரம்பியல் நிபுணரோ அரசு மருத்துவமனையின் சிவில் சர்ஜனோ தலைமை மருத்துவ அதிகாரியோ கையெழுத்திட வேண்டும். நம் மாவட்டத்தில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். சான்றிதழில் மறுபரிசோதனைத் தேதி இருந்தால் அதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காலாவதியான சான்றை வைத்துக் கோரியது பிறகு நிராகரிக்கப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

ஏழாம் படி: பிள்ளை பெயரில் போட்ட டெபாசிட்

வளைகுடாவில் வேலை பார்க்கும் வீடுகளில் இதுதான் பெரிய பொறி. 18 வயது நிரம்பாத பிள்ளையின் வருமானம், பெற்றோரில் யாருடைய மொத்த வருமானம் அதிகமோ அவருடைய கணக்கில் சேரும். பிள்ளை சொந்த உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தது, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள பிள்ளையின் வருமானம் ஆகியவை மட்டும் சேராது.

கணவர் குவைத்தில், மனைவி கல்லூரிப் பேராசிரியர், சம்பளம் 14 லட்சம். மகன் பெயரில் 10 லட்சம் டெபாசிட், வட்டி 70,000. அதிகம் சம்பாதிப்பவர் கணவர்தானே, அவர் இங்கே ரிட்டர்னே போடுவதில்லை என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரின் குவைத் சம்பளம் இந்திய மொத்த வருமானத்தில் வராது. அப்படிப் பார்த்தால் அதிக வருமானம் மனைவிக்கு. 70,000 அவர் தலையில் சேர்ந்து, புதிய முறையில் 15 சதவீத அடுக்கில் செஸ்ஸுடன் 10,920 வரி வரும். பழைய முறையில் பிள்ளை ஒன்றுக்கு 1,500 விலக்கு உண்டு. புதியதில் அதுவும் இல்லை. வங்கி மகன் பெயரில் டிடிஎஸ் பிடித்திருந்தால், அதை அம்மாவின் பான் எண்ணில் காட்டும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி வீட்டில் இருப்பவர் என்றால் கணக்கே வேறு: கணவரின் இங்குள்ள வாடகை, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய ரூபாய்க் கணக்கு) வட்டி அதிகமா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது.

காதுகுத்துக்கும் புதுநன்மைக்கும் (கிறிஸ்தவப் பிள்ளைகளின் முதல் நற்கருணை) தாய்மாமனும் அத்தையும் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரி இல்லை, எவ்வளவானாலும். அப்பாவின் நண்பர்கள், தூரத்துச் சொந்தம் கொடுத்தது ஆண்டில் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம். திருமணப் பரிசுக்கு இருக்கும் விலக்கு இந்த விசேஷங்களுக்கு இல்லை.

எட்டாம் படி: தாக்கல்

அலுவலகத்தில் எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால் புதிய முறைப்படி டிடிஎஸ் பிடிப்பார்கள். பழையது வேண்டுமென்றால் ஆண்டுத் தொடக்கத்திலேயே சொல்லி, ஃபார்ம் 12பிபி-யுடன் ரசீதுகளைக் கொடுங்கள். மறந்துவிட்டாலும் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம். கடை, தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்கு ஃபார்ம் 10-ஐஇஏ தனியாகப் போட வேண்டும். அவர்கள் புதிய முறைக்கு ஒருமுறை திரும்பி வந்துவிட்டால் தொழில் இருக்கும்வரை பழையதற்குப் போக முடியாது.

அலுவலகம் தரும் ஃபார்ம் 16, வரித் துறை இணையதளத்தில் கிடைக்கும் 26ஏஎஸ் (பிடித்த வரிப் பட்டியல்), ஏஐஎஸ் (ஆண்டு வருமானத் தகவல்) மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பரோ வாழையோ உள்ள வீடுகளில் விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவத்தைப் போடக் கூடாது. கழிவு கோரும் இடத்தில் பாலிசி எண், கடன் கணக்கு எண், வங்கியின் பெயர் எல்லாம் இப்போது கேட்கிறார்கள். ரீஃபண்ட் எடுத்துத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள் என்று வருபவர்களை நம்பி இல்லாத கடன் வட்டியைக் காட்டாதீர்கள். 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுக்க இத்தகைய போலிக் கோரல்கள் மீது சோதனை நடத்தியது. பொய்யாகக் காட்டியதற்கு அபராதம் தப்பிய வரியில் 200 சதவீதம். அதைக் கட்ட வேண்டியவர் நீங்கள், கமிஷன்காரர் அல்ல.

சம்பளக்காரருக்குக் கடைசி நாள் ஜூலை 31. இந்தத் தேதியைத் தவறவிட்டால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே போய்விடும். கல்விக் கடன், காப்பீடு என்று சேர்த்து வைத்த அத்தனை ரசீதும் வீண். ரிட்டர்ன் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். அதற்கு மேல் சரிபார்த்தால், சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கணக்காகும். ஜூலை 28-இல் அனுப்பி செப்டம்பரில் ஓடிபி போட்டவர் செப்டம்பரில் தாக்கல் செய்தவர். அவருக்குப் பழைய முறை கிடையாது. ஆதாரில் உள்ள செல்போன் எண் துபாயில் இருப்பவரின் பழைய எண்ணாக இருந்தால் ஜூன் மாதமே ஆதார் மையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.